பதினோரு மணிக்கு ஏறிய கோடு

மூன்று நாள் என் வயிற்றில் ஒரு கம்பி இருந்தது. தலைமுடியைவிடச் சற்றே தடிமனான, வளைந்துகொடுக்கிற கம்பி. தொப்புளுக்கு இடப்பக்கம் நான்கு விரல் தள்ளித் தோலுக்குள் போயிருந்தது. அதை சென்சார் என்றார்கள். அதிலிருந்து ஒரு வயர் வந்து, இடுப்பில் மாட்டிய சின்ன மிஷினில் சேர்ந்தது. உடம்பில் சர்க்கரை எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அந்த மிஷின் தனக்குள் குறித்துக்கொள்ளும். நமக்கு எதையும் காட்டாது. மூன்று நாள் கழித்து ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டரில் மாட்டினால்தான் என்ன குறித்தது என்று தெரியும்.

இது நடந்தது இரண்டாயிரத்து ஏழிலோ எட்டிலோ. எனக்குச் சர்க்கரை வந்து அப்போது பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நான் துணி வெளுக்கிறவன். வீடு கொச்சியில், மட்டாஞ்சேரியில். எங்கள் தமிழ் ஆட்கள் சேர்ந்து துவைக்கிற துறைக்கு அங்கிருந்து சைக்கிளில் பதினைந்து நிமிடம். சிமெண்டுத் தொட்டிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு தொட்டி, ஒரு கல். முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுதான் வேலை. காலில் புண் வந்தபோது தண்ணீரால் என்றே நினைத்தேன். ஆறவில்லை. வலது கால் சுண்டுவிரலை எடுத்த பிறகுதான் சர்க்கரை என்று ஒன்று இருப்பதும் அது எனக்கு இருப்பதும் புரிந்தது. அடுத்தது பாதம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாதம் போனால் எனக்கு வேறு தொழில் கிடையாது. நாலாம் வகுப்போடு நின்றவன்.

என்னைக் காப்பாற்றுகிற வேலையை என் மனைவி எடுத்துக்கொண்டாள். அவள் மலையாளப் பள்ளியில் ஏழாவது வரை படித்தவள். ஒரு நோட்டுப் போட்டு, காலையில் என்ன, மத்தியானம் என்ன, எத்தனை மணிக்கு என்று எல்லாவற்றையும் எழுதுவாள். இன்சுலின் ஊசி போட எனக்குப் பயம். அவள்தான் போடுவாள். வீட்டுக்குள் சீனி வருவதையே நிறுத்திவிட்டாள். எனக்கில்லாத சீனி தனக்கு எதற்கு என்று அவளும் வெறும் சாயாதான் குடித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கிருக்கிற சிஸ்டர் அந்த நோட்டை வாங்கி மற்ற நோயாளிகளிடம் காட்டுவார். "இந்தச் சேச்சியப் பாத்துப் படிக்கணும்" என்பார். அப்போது அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பாள். அவளுக்கு வாழ்க்கையில் யாரும் சபையில் வைத்துச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் எனக்கு மத்தியானச் சர்க்கரை குறையவே இல்லை. நோட்டைப் பார்த்தால் எல்லாம் சரி. ரத்தத்தைப் பார்த்தால் எல்லாம் தப்பு. டாக்டருக்கு அது பிடிபடவில்லை. புதிதாக வந்த அந்த மிஷினை மாட்டிப் பார்ப்போம், டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கும் உபயோகம், காசு வேண்டாம் என்றார்.

எனக்குக் காரணம் தெரியும். பத்து வருடமாகத் தெரியும்.

எங்கள் தொழிலில் பருத்தித் துணிக்குக் கஞ்சி போடவேண்டும். முண்டு என்கிற வேட்டியும் வெள்ளைச் சட்டையும் விறைப்பாக நின்றால்தான் வாடிக்கைக்காரர்கள் வாங்குவார்கள். அதற்கு நொய்யரிசியைக் குழையக் குழைய வேகவைத்து, பழைய முண்டில் ஊற்றி, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிவோம். கீழே வடிகிற கெட்டிக் கஞ்சி துணிக்கு. முண்டுக்குள் மிஞ்சுகிற சோற்றுப் பிண்டம் எங்கள் துறையில் ஆட்டுக்கு. எனக்கு அடுத்த தொட்டியில் துவைக்கிறவள் எனக்கு மதினி முறை. அவள் ஆடு வளர்த்தாள். கஞ்சி காய்ச்சுவதும் அவள் பொறுப்பு. பிழிந்த பிண்டத்தை ஒரு அலுமினியப் போணியில் போட்டு மூடி வைத்துவிட்டு, பதினோரு மணி வாக்கில் கொடியில் துணி போடப் போவாள்.

காலையில் ஊசி போட்டுக்கொண்டு வந்தால் பத்தரை மணிக்கு எனக்குக் கை நடுங்கத் தொடங்கும். கழுத்தில் குளிர்ந்த வேர்வை வரும். பிறகு ஒரு பசி. கண்ணில் பட்ட எதையும் வாயில் போடச் சொல்கிற பசி. நடுக்கம் வந்தால் உடனே சொல்லவேண்டும், அதற்கு வழி இருக்கிறது என்று சிஸ்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். நான் சொல்லவில்லை. வீட்டில் சொன்னால் அவள் அளந்து போடுவது போதவில்லை என்று குற்றம் சொன்னது போல ஆகும் என்று தோன்றியது. எனக்கு எதையும் கேட்டு வாங்குகிற பழக்கமே கிடையாது. ஒரு நாள் தாங்க முடியாமல் போணியைத் திறந்து ஒரு பிடி எடுத்துத் தின்றேன். நடுக்கம் நின்றது. மறுநாளும் தின்றேன். அப்புறம் இஸ்திரி மேசைக்கு அடியில் ஒரு உப்புப் பொட்டலமும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

"இந்த ஆடு என்ன ஆடோ, எவ்வளவு வச்சாலும் வயிறு ஒட்டியே கெடக்கு" என்று மதினி புலம்புவாள். நான் துணியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மிஷினை மாட்டிய அன்று மனைவியும் கூட வந்திருந்தாள். சிஸ்டர் வயிற்றைத் துடைத்து, ஸ்பிரிங் வைத்த ஒரு சாமானை அழுத்தினார். டக்கென்று ஒரு சத்தம். ஊசி வெளியே வந்துவிட்டது, கம்பி உள்ளே நின்றது. அதன்மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்திரியை ஒட்டினார். பிறகு என்னிடம் சொல்லாமல் அவளிடம் சொன்னார். நனையக் கூடாது. வயரை இழுக்கக் கூடாது. குப்புறப் படுக்கக் கூடாது. தினம் நாலு தடவை விரலில் குத்திப் பார்த்து, வருகிற நம்பரை மிஷினில் போடவேண்டும். சாப்பிடும்போதெல்லாம் இந்தப் பொத்தானை அமுக்கவேண்டும். பீப் பீப் என்று கத்தினால் வயர் கழன்றிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

"வேலைக்குப் போகாம வீட்லயே இருக்கட்டுமா சார்?" என்று அவள் கேட்டாள்.

டாக்டர் கையை ஆட்டினார். "வேண்டா வேண்டா. தண்ணியில மட்டும் நிக்கக் கூடாது. மத்தபடி எப்பவும் செய்யறதச் செய்யணும், எப்பவும் தின்னறதத் தின்னணும். மூணு நாள் நல்ல பிள்ளையா இருந்தா எனக்கு ஒண்ணும் தெரியாது."

தண்ணீரில் நிற்க முடியாததால் அந்த மூன்று நாளும் மதினி என் துணியையும் சேர்த்துத் துவைத்தாள். பதிலுக்கு அவளுடைய துணியை நான் இஸ்திரி போட்டேன். துறை முழுக்க என் இடுப்பைத்தான் பார்த்தது.

"என்ன கொழுந்தனாரே, வயித்துல போன் வச்சிருக்கீரு? யாரு பேசுறா உள்ள இருந்து?" என்று மதினி தொட்டியில் இருந்தபடி கத்தினாள்.

"கொடல் பேசுது மதினி" என்றேன். அவ்வளவுதான் எனக்கு வரும்.

"நல்லாக் கேளும். பசிக்குதுன்னு சொல்லப் போவுது!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் அடுத்த சட்டையை எடுத்து விரித்தேன்.

கரி போட்ட இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் முதல் நாளே பிளாஸ்திரியின் ஓரம் கிளம்பிவிட்டது. கொச்சி வேர்வைக்கு எந்தப் பசையும் நிற்காது. வயர் தளர்ந்து மிஷின் கத்த, நான் பெட்டியை ஒரு சட்டையின் மேலேயே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சட்டையில் பெட்டியின் தடம் விழுந்தது. சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் அவள் என்னை விளக்குக்குக் கீழே நிற்கவைத்தாள். "மூச்ச இழுத்துப் பிடிங்க" என்றாள். கம்பி அசையாமல் சுற்றிலும் வேர்வையை ஒற்றி எடுத்தாள். புது பிளாஸ்திரியைப் படத்துக்குச் சட்டம் போடுவது போல நாலு பட்டையாக வெட்டி நாலு பக்கமும் ஒட்டினாள். குளிக்க முடியாது என்பதால் ஈரத் துண்டால் முதுகையும் கையையும் துடைத்துவிட்டாள். தூக்கத்தில் கை பட்டுவிடும் என்று மூன்று இரவும் பாயைத் தள்ளிப் போட்டுப் படுத்தாள். விரலில் குத்தும்போது என்னைவிட அவள் முகம்தான் சுளிக்கும். நம்பரை மிஷினில் போட்டுவிட்டு, நோட்டிலும் எழுதுவாள். நான் அமுக்கவேண்டிய பொத்தானைக்கூட வீட்டில் அவளே ஞாபகப்படுத்துவாள். "தோச வச்சாச்சு, அமுக்குங்க."

துறையில் ஞாபகப்படுத்த ஆள் இல்லை.

முதல் நாள் பதினோரு மணிக்குப் போணியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். மிஷின் இடுப்பில் இருந்தது. கட்டைவிரலைப் பொத்தானின் மேல் வைத்தேன். அமுக்கினால் சாப்பிட்டது பதிவாகும். என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார்கள். எடுத்துவிட்டேன். மிஷினைப் பின்பக்கமாகத் திருப்பி, மேலே துண்டைக் கட்டிக்கொண்டு தின்றேன். இதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. நான் அமுக்கினால்தான் அதற்குத் தெரியும் என்று நினைத்தேன். அமுக்காவிட்டால் அது எனக்குச் சாதகமாக இருக்கும் என்று நம்பினேன். கம்பி எனக்குள்ளேயே இருக்கிறது என்பது மண்டையில் ஏறவில்லை. மூன்று நாளும் அப்படியே செய்தேன்.

நாலாம் நாள் காலை படகில் ஏறி எறணாகுளம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சிஸ்டர் பிளாஸ்திரியைப் பிரித்துக் கம்பியை உருவினார். வலிக்கவில்லை. இடம் கொஞ்சம் சிவந்து அரித்தது. "என்னா சுத்தமா வச்சிருக்கீங்க சேச்சி" என்று நாலு பட்டைப் பிளாஸ்திரியைப் பார்த்துச் சொன்னார். அவள் முகம் மலர்ந்தது.

அரை மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரைச் சுற்றி ஐந்தாறு படிக்கிற பிள்ளைகள். மேசையில் ஒரு காகிதம், அதில் மூன்று நாளுக்கு மூன்று நிறத்தில் மூன்று கோடுகள். டாக்டர் பென்சிலால் காட்டினார். மூன்று கோடும் பத்தரை மணிக்குப் பள்ளத்தில் இறங்கின. பதினோரு மணிக்கு ஒன்றன்மேல் ஒன்றாகக் குன்று போல ஏறின.

"இது எந்தா?" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன்.

"நோட்டுல ஒண்ணுமில்ல. பொத்தானும் அமுக்கல. சும்மா இப்படிக் கேறுமா? மூணு நாளும் ஒரே நேரம்." பென்சிலால் மேசையைத் தட்டினார். "சேட்டா, உங்களத்தான் கேக்கறேன். ஆரா கொடுத்தது?"

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். ஒரு பெண் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஆட்டுக்கு வைத்ததைத் தின்றேன், ஊரார் முண்டுக்குப் போடுகிற கஞ்சியின் சக்கையைத் தின்றேன் என்று அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது?  டாக்டர் மறுபடி கேட்டார், இந்தத் தடவை சத்தமாக.

"நான்தான் சார்" என்றாள் என் மனைவி. "புட்டு குடுத்து விட்டேன். பாவம், வேல செய்யறாரேன்னு."

 திரும்பிப் பார்த்தேன். அவள் டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நோட்டுல ஏன் எழுதல?"

"திட்டுவீங்கன்னு."

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு கையால் எழுதி இன்னொரு கையால் ஏமாற்றுவதற்கு எதற்கு மிஷின் என்றார். அன்பு என்று நினைத்துக்கொண்டு புருஷன் காலை வெட்டுகிறார்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னார். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். சிஸ்டர் அவளுடைய நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். 

நான் நின்றுகொண்டிருந்தேன். அவ்வளவு நேரமும் நின்றுகொண்டுதான் இருந்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை.

கடைசியில் டாக்டர் தணிந்து, உழைக்கிற ஆள், பதினோரு மணிக்குப் புட்டு வேண்டுமென்றால் தின்னட்டும், காலை ஊசியில் நாலு யூனிட் கூட்டிவிடலாம் என்று எழுதினார். வெளியே வரும்போது சிஸ்டர் சொன்னார்: "நாளை முதல் மறக்காம புட்டு குடுத்து விடணும். இத்தனை மருந்து ஏத்திட்டு ஒண்ணும் தின்னலேன்னா ஆள் மயங்கி விழுந்துரும்."

திரும்பும் படகில் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பாதித் தண்ணீர் தாண்டியிருந்தோம். பிறகு திரும்பாமலே கேட்டாள்.

"எவ குடுக்கறா?"

"யாரு?"

"அதத்தான் கேக்கறேன். உங்க மதினியா?"

"சீச்சீ. என்ன பேசற நீ."

"அப்ப வேற எவ?"

"யாருமில்ல."

"யாரும் குடுக்காமத்தான் மூணு நாளும் மலை மாதிரி ஏறிச்சாக்கும்."  இரவு எனக்கு அளந்து போட்டாள். தான் சாப்பிடவில்லை.

அன்றைக்கு நான் ஒரு முடிவு எடுத்திருந்தேன். இனி போணியைத் தொடுவதில்லை. அது பெரிய திருத்தம் என்று எனக்கே ஒரு திருப்தி வந்தது. அந்தத் திருப்தியை நினைத்தாலும் இப்போது கூசுகிறது. யாரிடமும் எதுவும் சொல்லாமல், அவள் வாங்கிய ஏச்சு அவள்மேலேயே இருக்க, நான் மட்டும் நல்லவனாகிவிடலாம் என்று பார்த்தேன்.

காலையில் அவள் ஊசியில் மருந்தை ஏற்றினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பழைய அளவில் நிறுத்தினாள். பக்கத்தில் டிபன் பாக்ஸைப் பார்த்தேன். புட்டு இல்லை.

"நாலு கூட ஏத்தட்டா?" என்று கேட்டாள்.

நான் டிபன் பாக்ஸை மூடினேன்.

"பதினோரு மணிக்கு அங்க சாப்பாடு வந்துரும்ல? வருதுன்னா ஏத்தறேன். நான் எதுக்குப் புட்டு அவிக்கணும், குடுக்கறவ குடுப்பா." குரல் சாதாரணமாக இருந்தது. ஊசியை இறக்கவில்லை. "வராதுன்னா இப்பவே சொல்லுங்க. என் கையால போட்டு நீங்க தண்ணில விழுந்தீங்கன்னா நான் எங்க போவேன்?"

ஊசி முனையில் ஒரு சொட்டு நின்றது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"ஆட்டுக்கு வச்சது" என்றேன்.

"என்னது?"

"கஞ்சி புழிஞ்ச சோறு. மதினி ஆட்டுக்கு வைப்பா. அவ துணி போடப் போகும்போது எடுத்துத் திம்பேன். பத்தரைக்குக் கை நடுங்கும். ரொம்ப நாளா."

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், அல்லது அடிப்பாள். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ரொம்ப நாளுன்னா?"

"கால் வெரலு எடுத்ததுக்கு அப்புறம் இருந்தே."

"பத்து வருசமா பசிச்சிருக்கு. என்கிட்ட சொல்லல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒரு பொம்பளைன்னு சொல்லியிருந்தாக்கூட மண்ட உடைச்சுட்டு விட்டிருப்பேன். ஆட்டுகிட்டப் புடுங்கித் தின்னுட்டு, டாக்டர் முன்னாடி என்னையத் திட்டு வாங்க விட்டீங்களே" என்றாள்.

பழைய அளவுதான் போட்டாள். போட்டு முடித்து, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே சொன்னாள்: "இன்னிக்குத் துறைக்குப் போகவேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போங்க. நான் வரல. நீங்களே சொல்லுங்க."

அவள் இல்லாமல் நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை. சிஸ்டரிடம் மெல்லச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று பார்த்தேன். என் மலையாளம் சந்தைக்குப் போதும், இதற்குப் போதவில்லை. கஞ்சி என்றதும் அவர் குடிக்கிற கஞ்சி என்றுதான் எடுத்துக்கொண்டார். துணிக்குப் போடுவது என்றேன். "அய்யோ, நீலம் கலந்ததா சேட்டா?" என்று எழுந்துவிட்டார். நீலம் பிறகுதான் கலப்போம், நான் தின்றது அதற்கு முந்தியது என்றேன். வரிசையில் நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"புட்டுன்னு எழுதினத வெட்டிடுங்க சிஸ்டர். அவ குடுக்கல."

எழுதியதை வெட்ட முடியாது, கீழே சேர்க்கலாம் என்றார். நானே எழுதட்டுமா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. பேசுவதைவிட எழுதுவது லேசு என்று தோன்றியிருக்கும். அவர் பைலையும் பேனாவையும் நீட்டினார். எனக்குத் தமிழ்தான் எழுத வரும். நாலு வரி எழுத வெகுநேரம் ஆனது.

பைல் உள்ளே போயிற்று. என்னையும் கூப்பிட்டார்கள். அன்றைக்கும் அந்தப் பிள்ளைகள் நின்றார்கள். டாக்டர் என் எழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனிக்குத் தமிழ் வாசிக்கான் அறியில்ல. நீங்களே வாசிங்க."

வாசித்தேன். "அது புட்டு இல்லை. துணிக்குக் கஞ்சி பிழிந்த சோறு. ஆட்டுக்கு வைத்திருந்ததை நான் தின்றேன். என் மனைவி எதுவும் கொடுக்கவில்லை, அவளுக்குத் தெரியாது. அவள் நோட்டில் எழுதியது எல்லாம் உண்மை."  சத்தம் போதவில்லை, மறுபடி வாசிக்கச் சொன்னார். மறுபடி வாசித்தேன். பேனா வைத்திருந்த அந்தப் பெண், தமிழ் தெரிந்தவள் போலிருக்கிறது, மற்றவர்களுக்கு மலையாளத்தில் சொன்னாள். ஒரு பையன் சிரிப்பை அடக்கினான்.

டாக்டர் சிரிக்கவில்லை. பழைய காகிதத்தை எடுத்து, குன்றை விட்டுவிட்டு அதற்கு முந்தின பள்ளத்தில் பென்சிலை வைத்தார். "இந்த நேரம் கை நடுங்கியிருக்கும். இதத்தான் நீங்க முதல்ல சொல்லியிருக்கணும்" என்றார். கூட்டிய நாலு யூனிட்டை அடித்தார். பழைய அளவிலும் இரண்டு குறைத்தார். பத்து மணிக்கு இரண்டு பிஸ்கட் என்று எழுதினார். பத்து வருட நடுக்கத்துக்கு அதுதான் மருந்து.

வீட்டுக்கு வரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. அவள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் எழுதியதைக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து வைத்தாள். பிஸ்கட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"நான் புட்டு குடுத்தேன்னு இன்னும் நெனச்சிட்டிருப்பாங்களா?"

"இல்ல. எழுதி வாசிச்சுக் காட்டினேன்."

"யாரு யாரு இருந்தாங்க?"

"டாக்டர். சிஸ்டர். அந்தப் பிள்ளைங்க எல்லாம்."

"எல்லாருக்கும் கேக்கிற மாதிரியா வாசிச்சீங்க?"

"மொதல்ல கேக்கல. ரெண்டாவது தடவ கேட்டுது."

அவள் முறத்தை ஒரு தடவை தட்டினாள். "சரி, கைகால் கழுவிட்டு வாங்க" என்றாள்.